சேணக் கொம்பைப் பிடித்தால் விழ மாட்டோமா?

"மேற்கத்தியக் குதிரைச் சேணத்தின் முன்பக்கக் கொம்பைப் பிடித்துக்கொண்டால் விழவே மாட்டீர்கள், ஹெல்மெட்டும் வேண்டாம்" என்று வேலூர் வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது. இது தவறு.

அந்தக் கொம்பு மாடு பிடிப்பவர்களுக்காக வந்தது. கயிறு வீசி மாட்டைப் பிடித்ததும் மறுமுனையைக் கொம்பில் சுற்றுவார்கள். இழுவையைச் சேணம் தாங்கும். தடுமாறும்போது ஒரு கணம் பிடிக்கலாம், சரி. ஆனால் அதையே நம்பித் தொங்கினால் உடல் முன்னே சாயும், குதிகால் மேலெழும், சமநிலை போய்விடும்.

சேணத்தில் உட்காரும்போது உங்கள் காது, தோள், இடுப்பு, குதிகால் நான்கும் ஒரே நேர்கோட்டில் இருக்கட்டும். குதிகாலைத் தாழ்த்துங்கள். முதலில் குதிரை மெதுவாக நடக்கும்போது மட்டும் பழகுங்கள்.

தேசிங்கு ராஜன் கதை கேட்டு வளர்ந்த ராணிப்பேட்டைப் பிள்ளைகளுக்கு ஆசை இருக்கும்தான். ஹெல்மெட் இல்லாமல் மட்டும் ஏற்றாதீர்கள்.