சளிக்கு மாம்பழம் என்ன செய்யும்?

போன மே மாதம் ஏற்காடு போய்விட்டு ஞாயிறு சாயங்காலம் இறங்கினோம். செவ்வாய் காலையில் வீட்டில் நாலு பேருக்கும் மூக்கு ஒழுகல். "மலைக்காத்து ஒத்துக்கலை" என்றார் மாமியார். "நுங்கும் மாம்பழமும் அளவில்லாம தின்னா இப்படித்தான்" என்றார் அம்மா. சூடா, குளிர்ச்சியா என்று வீட்டுக்குள் பட்டிமன்றமே நடந்தது.

காரில் நடந்ததை மட்டும் யாரும் பேசவில்லை. அக்கா பையன் கிளம்பும்போதே தும்மிக்கொண்டிருந்தான். வெயிலுக்குப் பயந்து சேலம் அஸ்தம்பட்டியிலேயே கண்ணாடியை ஏற்றினோம். வெளிக்காற்று வராதபடி ஏசி பொத்தானை அமுக்கியதும் நான்தான். 20 கொண்டை ஊசி வளைவும் தாண்டும்வரை அவன் தும்மிய காற்றைத்தான் எல்லோரும் மூச்சாக இழுத்தோம். சளி வைரஸ் உள்ளே போய் ஒன்றிலிருந்து மூன்று நாளில் வேலையைக் காட்டும். கணக்கு சரியாக வருகிறதா?

சளியை அதிகம் உண்டாக்கும் ரைனோவைரஸில் மட்டும் 100க்கு மேல் வகை உண்டு. அதனால்தான் போன மாதம் வந்த சளி இந்த மாதமும் வருகிறது. வெயில் காலத்துக்கென்று அதற்கு விடுமுறை கிடையாது.

எனக்கு ஆத்திரம் மருந்துக்கடை விஷயத்தில். சளி என்று சொன்னதும் மூன்று நாளைக்கு ஒரு செட் கட்டிக் கொடுத்துவிட்டார்கள். பிரித்துப் பார்த்தால் அதில் ஒன்று ஆன்டிபயாடிக். அது பாக்டீரியாவுக்கு, வைரஸை ஒன்றும் செய்யாது. சளி மஞ்சளாகிவிட்டது என்பதற்காகவும் அதை விழுங்க வேண்டியதில்லை.

நாங்கள் செய்தது இவ்வளவுதான்: உப்புத் தண்ணீரில் கொப்பளிப்பு, ஏற்காட்டில் வாங்கிய மிளகைத் தட்டிப் போட்ட ரசம், நல்ல தூக்கம். ரசம் வைரஸை விரட்டாது, தொண்டைக்கு இதம், அவ்வளவே. இந்த வெயிலில் வியர்வையும் சேர்ந்து ஓடுவதால் தண்ணீர் கூடுதலாகக் குடிக்க வேண்டும். குழந்தைகளை வெந்நீர்ச் சட்டி முன்னால் உட்கார வைத்து ஆவி பிடிக்கவிடாதீர்கள், கொட்டினால் வெந்துபோகும். காய்ச்சல் மூன்று நாளுக்கு மேல் போனாலோ, மூச்சு வாங்கினாலோ டாக்டரிடம்தான்.

அப்புறம், மூக்கும் கண்ணும் அரித்து வாரக்கணக்கில் தண்ணியாக ஒழுகினால் அது அலர்ஜியாக இருக்கலாம். ஏசி பில்டரைக் கழற்றிப் பாருங்கள். எங்கள் வீட்டு பில்டரில் கம்பளி மாதிரி தூசி.

மிச்சமிருந்த மல்கோவாவை அம்மா பக்கத்து வீட்டுக்குக் கொடுத்துவிட்டார். அங்கே யாருக்கும் சளி பிடிக்கவில்லை.