டிடிஎஸ் (நீரில் கரைந்துள்ள உப்புகளின் அளவு) குறைந்தாலே குடிநீர் பாதுகாப்பானது என்பது தவறு

‘டிடிஎஸ் மீட்டரில் 500-க்குக் கீழே காட்டினால் தண்ணீர் சுத்தம், ஊர்க் குடிநீர்த் திட்டமும் வெற்றி’ என்று ராமநாதபுரம் கடலோர ஊர்களில் வாட்ஸ்அப்பில் பரவும் செய்தி தவறானது. அந்த மீட்டர் கரைந்துள்ள உப்புகளையே மதிப்பிடுகிறது, கிருமிகளைக் காட்டாது. உவர்நீரோடு நெடுங்காலம் போராடிய மக்களுக்கு உப்புக் குறைவே தூய்மையாகத் தோன்றுவது இயல்புதான். ஆயினும் 100 மில்லிலிட்டர் குடிநீரில் மலக் கலப்பைக் காட்டும் ஈ.கோலி என்ற கிருமி அறவே இருக்கக் கூடாது என்கிறது இந்தியத் தர நிர்ணயமான ஐஎஸ் 10500. குழாயில் தூய்மையாக வரும் காவிரி நீர்கூட, விரல் நனைய முக்கி எடுக்கும் செம்பினால் வீட்டுக் குடத்திலேயே மாசுபடலாம் என்பதால், திட்டத்தை மதிப்பிடுவோர் குழாய் நீரில், கிருமிகளைக் கொல்லச் சேர்த்ததில் எஞ்சிய குளோரின் லிட்டருக்கு 0.2 மில்லிகிராமாவது உள்ளதா என்று பார்ப்பதோடு, குடத்து நீரையும் கிருமிச் சோதனைக்கு உட்படுத்தி, கழிப்பறை அருகே கை கழுவச் சோப்பும் தண்ணீரும் இருக்கின்றனவா என்பதையும் நேரில் கண்டறிய வேண்டும்.