அது கண்ணாடித் தூள் இல்லை

நேற்றிலிருந்து எல்லோரும் பகிர்கிற அந்த வீடியோவைத்தான் சொல்கிறேன். ஒருவர் ஒயின் பாட்டில் கார்க்கின் அடியில் ஒட்டியிருந்த மினுமினுக்கும் துகளைக் கேமராவுக்குக் காட்டி, "கெமிக்கல் கலந்திருக்கான், கெட்டுப்போச்சு" என்று முழு பாட்டிலையும் சிங்கில் கொட்டுகிறார். கொட்டியது, ரோமொராந்தான் என்ற திராட்சையில் செய்த பிரெஞ்சு வெள்ளை ஒயின். பார்த்ததிலிருந்து மனசு ஆறவில்லை.

அது கெமிக்கலும் இல்லை, கண்ணாடித் தூளும் இல்லை. திராட்சையின் டார்டாரிக் அமிலம் பொட்டாசியத்தோடு சேர்ந்து படிந்த உப்பு. கேக் செய்பவர்கள் வாங்கும் க்ரீம் ஆஃப் டார்டார் இதேதான். புளிப்பு அதிகமுள்ள ஒயின் குளிரில் நாள்கணக்காகக் கிடந்தால் படியத்தான் செய்யும். முந்தைய நாளே பாட்டிலை நிமிர்த்தி வையுங்கள், வண்டல் அடியில் இறங்கிவிடும். மெதுவாகச் சாய்த்து ஊற்றி, கடைசி ஒரு விரற்கடையை விட்டுவிடுங்கள். அவ்வளவுதான்.

"வாயில் வைக்க முடியாத புளிப்பாமே?" புளிப்புதான், இல்லை என்று யார் சொன்னது? ஆனால் எலுமிச்சைப் புளிப்பு வேறு, காடி (வினிகர்) வாடை வேறு. காடி வாடை அடித்தால் கெட்டது. அவர் ஃப்ரிட்ஜிலிருந்து எடுத்த கையோடு ஊற்றுகிறார். 4, 5 டிகிரியில் வாசனை எழும்பாது, புளிப்பு மட்டும் பல்லைக் கூச வைக்கும். 11, 12 டிகிரிக்கு வரட்டும். நல்ல ஆண்டின் பாட்டில் பத்து வருஷம் தாங்கும். அதற்குள் புளிப்பு அடங்கி, தேனும் தேன்மெழுகும் மணக்கும்.

"இவ்வளவு பாடு எதற்கு, ஷார்டனே வாங்கலாமே" என்று இன்னொரு பிரபல வெள்ளைத் திராட்சையின் ஒயினைச் சொல்லி ஒரு கமெண்ட். தாராளமாக வாங்குங்கள். இரண்டு திராட்சைகளும் கூவே ப்ளாங், பினோ என்ற பழைய திராட்சை வகைகளின் கலப்பில் பிறந்தவை என்று 1999இல் மரபணு ஆய்விலேயே தெரிந்துவிட்டது. ஷார்டனே உலகம் முழுக்க இருக்கிறது. இதுவோ பிரான்ஸில் ப்ளுவா நகருக்குத் தெற்கே நூறு ஹெக்டேர்கூட இல்லை. தரமில்லாததால் அல்ல. தாமதமாகப் பழுக்கும், குலை நெருக்கமாக இருக்கும். அவசரப்பட்டு அறுத்தால் வெறும் புளிப்பு; காத்திருக்கும்போது மழை பிடித்தால் அழுகல் குலைக்குள்ளேயே பரவிவிடும். வருஷாவருஷம் அந்தப் பயத்தோடுதான் அறுவடைக்குக் காத்திருக்கிறார்கள்.

1993இல் சட்ட அங்கீகாரம் கிடைத்த கூர்-ஷெவெர்னி என்ற ஊர்ப் பெயரை லேபிளில் போட ரோமொராந்தான் மட்டுமே அனுமதி, வேறு திராட்சை கலக்கக் கூடாது. இந்தக் கொடி போனால் அந்தப் பெயரும் போகும். பத்தொன்பதாம் நூற்றாண்டில் ஐரோப்பியத் திராட்சைக் கொடிகளை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சிக்குத் தப்பி, 1850 வாக்கில் நட்ட கொடிகள் அதே வட்டாரத்தின் சோலோன் பகுதியில் இன்னும் காய்க்கின்றன. அப்படிப்பட்ட திராட்சையின் ஒயினை ஒரு நிமிஷத்தில் சிங்கில் கொட்டியாகிவிட்டது. அரை மணி நேரம் மேசையில் வைத்திருக்கலாமே ஐயா.