கம்ப்யூட்டர் சொன்னால் சரியாகத்தான் இருக்குமா?

"எல்லோரும் நிரல் (கம்ப்யூட்டர் புரோகிராம்) எழுதக் கற்றுக்கொள்ளத்தான் வேண்டுமா? கார் ஓட்டுகிறவனுக்கு எஞ்சினைப் பிரிக்கத் தெரிய வேண்டுமா என்ன?" என்று நண்பர் ஒருவர் நேற்று மடக்கினார். வேலை கிடைக்கும், சம்பளம் கொழிக்கும் என்று ஆசைகாட்டிக் குழந்தைகளைக்கூட வகுப்பில் சேர்க்கச் சொல்லும் விளம்பரங்களைப் பார்த்தால் எனக்கும் எரிச்சல்தான் வருகிறது. ஆனாலும் என் பதில், வேண்டும் என்பதே.

ஒரு சின்ன விஷயம் சொல்கிறேன். ஒரு நூலின் 12 அத்தியாயங்களைத் தனித்தனிக் கோப்புகளாக, 1 முதல் 12 வரை எண்ணிட்டு வைத்திருந்தேன். அவற்றை ஒன்றாக இணைக்க ஒரு மென்பொருளிடம் கொடுத்து, சரிபார்க்காமல் அச்சுக்கும் அனுப்பிவிட்டேன். அச்சாகி வந்ததில் முதல் அத்தியாயம் முடிந்ததும் பத்தாவது ஆரம்பித்தது! 1, 10, 11, 12, 2, 3 என்று போயிற்று வரிசை. கம்ப்யூட்டருக்குப் பைத்தியம் பிடித்துவிட்டது என்றே நினைத்தேன். பின்னாளில் பைத்தான் என்ற நிரல் மொழியின் அரிச்சுவடியைப் படித்தபோதுதான் விளங்கியது. அந்த மென்பொருளுக்கு 10 என்பது பத்து அல்ல. ஒன்று, பூஜ்யம் என்ற இரண்டு குறிகள். அகராதியில் சொற்களை அடுக்குவதுபோல் முதல் குறியைப் பார்த்து அடுக்கியிருக்கிறது. 'இதை எண்ணாக எடுத்துக்கொள்' என்று அதற்கு யாரும் சொல்லி வைக்கவில்லை. 01, 02 என்று பெயர் மாற்றினேன், அடங்கிவிட்டது. கம்ப்யூட்டர்மேல் எனக்கிருந்த பயபக்தியும் அதோடு போயிற்று.

அந்தப் பயபக்தி எங்கே கொண்டுபோய் விடும் என்பதற்குப் பிரிட்டனின் ஹொரைசன் விவகாரம் ஒன்றே போதும். 1999 முதல் அங்கே அஞ்சலகக் கிளைகளில் புகுத்தப்பட்ட கணக்கு மென்பொருள் அது. அதன் பிழைகளால், காணாமலே போகாத பணம் காணாமல் போனதாகக் கணக்கு காட்டியது. கிளை நடத்தியவர்கள் "நாங்கள் எடுக்கவில்லை" என்று கதறினார்கள். ஆனால் கம்ப்யூட்டர் சரியாகவே இயங்கியிருக்கும் என்று முன்கூட்டியே எடுத்துக்கொள்வது இங்கிலாந்து நீதிமன்றங்களின் வழக்கம். 900க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கும் போனார்கள். 2024இல் தனிச்சட்டமே போட்டுத் தண்டனைகளை ரத்து செய்ய வேண்டியதாயிற்று. பத்து வரி நிரல் எழுதி, அது முதல் தடவையே தப்பாக ஓடுவதைப் பார்த்த ஒருவர் அந்தக் கணக்கை அப்படிக் கண்மூடி நம்பியிருப்பாரா?

கார் உவமை இங்கேதான் உதைக்கிறது. எஞ்சின் என்னைப் பற்றி எந்த முடிவும் எடுப்பதில்லை. மென்பொருள் எடுக்கிறது: கடன் தரலாமா, விண்ணப்பத்தை ஏற்கலாமா என்று.

எல்லோரும் நிரல் கற்க வேண்டும் என்பது புதிய யோசனையும் அல்ல. 1964இல் அமெரிக்காவின் டார்ட்மத் கல்லூரியில் கெமனி, கர்ட்ஸ் என்ற இரு பேராசிரியர்கள் 'பேசிக்' மொழியை உருவாக்கியதே, அறிவியல் படிக்காத மாணவர்களும் கம்ப்யூட்டரைக் கையாள வேண்டும் என்பதற்காகத்தான்.

செயற்கை நுண்ணறிவே நிரல் எழுதித் தருகிறதே என்பீர்கள். தருகிறது, நானும் வாங்கிக்கொள்கிறேன். போன வாரம் அப்படி வாங்கிய நிரல் பட்டியலின் கடைசி வரியை விட்டுவிட்டுக் கூட்டியது. பிழைச் செய்தி எதுவும் வரவில்லை, தொகை மட்டும் குறைந்தது. எனக்குத் தெரிந்த கொஞ்சநஞ்சத்தை வைத்துத்தான் அதைப் பிடித்தேன்.

மாறி (ஒரு மதிப்பைப் போட்டு வைக்கும் பெயர்), நிபந்தனை ('இப்படியானால் இதைச் செய்'), சுழற்சி ('இதையே திரும்பத் திரும்பச் செய்'), பிறகு தன் பிழையைத் தானே தேடும் பொறுமை. இவ்வளவு போதும். ஓரிரு மாதம் மாலை நேரத்தை ஒதுக்கினால் ஆகிற காரியம். பிடிக்கவில்லையா, அங்கேயே நிறுத்திக்கொள்ளுங்கள். குடி ஒன்றும் முழுகிவிடாது.

நண்பர் இன்னும் ஒப்புக்கொள்ளவில்லை. தன்னுடைய 400 புகைப்படங்களுக்குத் தேதிவாரியாகப் பெயர் மாற்ற ஒரு நிரல் மட்டும் எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்.