காபி வளையத்துக்குக் காரணம் பரப்பு இழுவிசையா?
சிந்திய காபிச் சொட்டு காய்ந்ததும் அதன் ஓரத்தில் கறை வளையமாகப் படிகிறதே, அதற்கு ‘பரப்பு இழுவிசை (திரவத்தின் மேற்பரப்பைச் சுருக்கப் பார்க்கும் விசை) துகள்களை ஓரத்துக்கு இழுக்கிறது, அதனால் எந்தச் சொட்டு காய்ந்தாலும் வளையம்தான்’ என்று நீங்கள் விளக்கம் எழுதியிருக்கிறீர்கள். இரண்டு பாதியுமே சரியில்லை.

சொட்டின் விளிம்பு சொரசொரப்பிலும் அழுக்கிலும் சிக்கி, நகராமல் நின்றுவிடுகிறது. மெல்லிய ஓரத்தில் ஆவியாதல் வேகம் அதிகம். அங்கே குறைகிற நீரை ஈடுகட்ட நடுவிலிருந்து நீர் ஓடிவருகிறது. காபித் துகள்கள் அந்த ஓட்டத்தில் அடித்து வரப்பட்டு ஓரத்தில் குவிகின்றன. சிகாகோ பல்கலைக்கழகத்தின் ராபர்ட் டீகன் குழு 1997-ல் நேச்சர் அறிவியல் இதழில் விளக்கியது இதைத்தான். விளிம்பு சிக்காமல் சுருங்கிக்கொண்டே போனால் வளையம் விழாது.

பரப்பு இழுவிசைக்கும் வேலை உண்டு, ஆனால் அது எதிர்த்திசையிலும் இருக்கலாம். சொட்டு காயும்போது வெப்பநிலை இடத்துக்கு இடம் மாறினால் இழுவிசையும் மாறும். அதனால் எழும் மாரங்கோனி ஓட்டம் துகள்களை நடுவுக்கே திருப்பிவிடலாம். பெட்ரோலில் உள்ள ஆக்டேன் என்ற திரவத்தின் சொட்டில் படிவு நடுவில்தான் விழுகிறது. தண்ணீரில் இந்த ஓட்டம் பலவீனம், அதனால்தான் மேசையில் நாம் பார்ப்பதெல்லாம் வளையம்!

அப்புறம், துகளின் வடிவமும் முக்கியம். 2011-ல் பென்சில்வேனியா பல்கலைக்கழகத்தில் உருண்டைத் துகள்களுக்குப் பதில் நீள்வட்டத் துகள்களைப் போட்டார்கள். அவை நீர்ப்பரப்பில் ஒன்றையொன்று பற்றிக்கொண்டு, ஓரத்தில் குவியாமல் ஏறக்குறைய சீராகப் படிந்தன.