வெளிநடப்பு பின்னாடி ஓடாதீங்க தம்பிகளா

நேத்து ஒரு தம்பி போன் பண்ணான். புதுசா நிருபர் வேலைக்கு சேந்துருக்கான், முதல் தடவையா மதுரை மாநகராட்சி ஆபீஸ் அண்ணா மாளிகைல கவுன்சிலருங்க கூடுற மாமன்றக் கூட்டத்துக்கு போறானாம், "அண்ணே அங்க எப்படி நடந்துக்கணும்"னு கேட்டான். கேட்டதே சந்தோஷமா இருந்துச்சு, எங்களுக்கு யாரும் சொல்லித் தரல.

பல வருஷம் முந்தி மதுரை பக்கத்துல ஒரு பேரூராட்சி கூட்டம். நாலு உறுப்பினருங்க காலிக் குடத்தோட வந்து சத்தம் போட்டு வெளிநடப்பு பண்ணாங்க, நாங்க அத்தனை நிருபரும் பேட்டிக்கு அவங்க பின்னாடியே வாசலுக்கு ஓடிட்டோம். திரும்பி உள்ள வந்தா கூட்டமே முடிஞ்சு டீ வடை குடுத்துட்டு இருக்காங்க. மறுநாள் எல்லா பேப்பர்லயும் குடம் போட்டோ. உள்ள நிறைவேறுன தீர்மானத்துல குடிநீர் இணைப்புக்கு டெபாசிட்ட ஏத்துனதும் இருந்துச்சு, அது ஒரு வரி கூட வரல. ரெண்டு மாசம் கழிச்சு எங்க தெரு அக்கா ரசீத நீட்டி, "நீயும் அங்கிட்டு தானப்பா உக்காந்துருந்த, ஒரு வார்த்த சொல்லலியே"ன்னாங்க. இன்னைக்கு வரைக்கும் எங்கிட்ட பதில் இல்ல.

அதனால தம்பி, கடைசி தீர்மானம் வாசிக்கிற வரைக்கும் எந்திரிக்காத. வெளிநடப்பு பண்ணவங்க வாசல்லயே தான் நிப்பாங்க, பத்து நிமிஷம் கழிச்சு கேட்டாலும் பேசுவாங்க. அஜெண்டாவ முன்னாடியே வாங்கி படிச்சுட்டு போ. 100 வார்டு இருக்க ஊர்ல டெண்டர், வரி, குத்தகை எல்லாம் அதுக்குள்ள தான் இருக்கு, சத்தத்துல இல்ல. கவுன்சிலர் வரிசைல போய் உக்காந்து காதுல பேசாத. போன சைலன்ட்ல போடு. டீ குடி, கவர் வாங்காத, "போக்குவரத்து செலவு"ன்னு எந்த பேர் சொல்லி குடுத்தாலும் வாங்காத.

கிராம சபைல இன்னும் கவனமா இருக்கணும். வருஷத்துக்கு ஆறு தடவ தான் கூடுது. போனதும் கையெழுத்து நோட்ட கேட்டு பாரு, 500 பேர் வரைக்கும் இருக்க ஊராட்சின்னா 50 பேர், 10,000-க்கு மேல போனா 300 பேர் வந்துருக்கணும், இல்லன்னா கோரம், அதாவது கூட்டம் செல்லுபடியாக வேண்டிய குறைஞ்சபட்ச ஆள் கணக்கு, கிடையாது. நூறு நாள் வேலை சம்பளம் வரலன்னு ஒரு பாட்டி அழுதா மூஞ்சிக்கு நேரா மைக்க நீட்டாத, "படம் எடுக்கவா ஆத்தா"ன்னு கேளு, வேணாம்னா விட்டுரு, ஏன்னா நீ வண்டிய எடுத்துட்டு போயிருவ, அவங்க நாளைக்கும் அதே ஆபீஸ்ல அதே கிளர்க் முன்னாடி தான் போய் நிக்கணும். உன் சொந்த ஊர் கிராம சபைன்னா வாக்காளரா நீயும் எந்திரிச்சு பேசு, தாராளமா பேசு, ஆனா அன்னைக்கு செய்திய வேற ஆள எழுத சொல்லு.

அஜெண்டா கைக்கு வந்துருச்சாம் தம்பிக்கு. நைட்டு படிச்சுட்டு, புரியாத தீர்மானத்த எல்லாம் பென்சில்ல சுழிச்சு வச்சுட்டு கூப்பிடுன்னு சொல்லிருக்கேன்.