வாட்டுக்கு சிலிண்டர் கடைந்து கொடுத்தவர்

நீராவி எஞ்சின் என்றதும் ஜேம்ஸ் வாட் பெயரைச் சொல்லாத பிள்ளை கிடையாது. கெட்டில் மூடி துள்ளியதைப் பார்த்துக் கண்டுபிடித்தார் என்ற கதையும் கூடவே வந்துவிடும். வாட் பிறந்தது 1736இல். அதற்கு 24 வருஷம் முன்பே, 1712இல், தாமஸ் நியூகோமனின் எஞ்சின் இங்கிலாந்தில் டட்லி பக்கத்து நிலக்கரிச் சுரங்கத்தில் தண்ணீர் இறைத்தது. இந்தக் கெட்டில் கதையையாவது மன்னித்துவிடலாம். ஜான் வில்கின்சன் என்ற பெயர் நம் பிள்ளைகள் காதில் விழுவதே இல்லையே, அதுதான் எனக்குப் பொறுக்கவில்லை.

நியூகோமன் எஞ்சினில், பிஸ்டன் என்ற அடைப்பு மேலும் கீழும் நகரும் உருளையான சிலிண்டருக்குள்ளேயே குளிர்ந்த நீரைப் பீய்ச்சி நீராவியைச் சுருங்க வைப்பார்கள். உள்ளே வெற்றிடம் உண்டாகும், வெளிக்காற்று பிஸ்டனைக் கீழே அழுத்தும். ஒவ்வொரு அடிக்கும் சிலிண்டர் குளிர்ந்து மறுபடி சூடேற வேண்டும் என்பதால் கரி கண்டபடி செலவானது. கிளாஸ்கோ பல்கலைக்கழகத்தில் கருவிகள் செய்துகொண்டிருந்த வாட் 1765இல் இதற்கு வழி கண்டார்: நீராவியைத் தனிக் கலத்துக்குக் கொண்டுபோய்க் குளிர வைப்பது, சிலிண்டரை எப்போதும் சூடாகவே விடுவது. அபாரமான யோசனை. 1769இல் காப்புரிமையும் வாங்கிவிட்டார். ஆனால் ஒரு சுரங்கத்தில் அது உருப்படியாக ஓடியது 1776இல்தான்.

அந்தப் பதினோரு வருஷம் எங்கே போயிற்று? பணமுடை உண்டு. கூட்டாளி ஜான் ரோபக் நொடித்துப்போனார். வயிற்றுப்பாட்டுக்காக வாட் கால்வாய்களுக்கு நிலம் அளக்கப் போனார். இத்தனைக்கும் மேலே நின்ற சிக்கல், சிலிண்டர். பழைய எஞ்சினில் பிஸ்டனுக்கும் சுவருக்கும் நடுவே சந்து இருந்தாலும் சமாளிக்கலாம். பிஸ்டன் தலையில் கொஞ்சம் தண்ணீர் தேக்கினால் அதுவே அடைத்துக்கொள்ளும். வாட்டின் சிலிண்டரோ சூடாகவே இருக்க வேண்டும், தண்ணீர் ஊற்ற வழியில்லை. சுவர் வட்டம் பிசகாமல் இருந்தால்தான் ஆச்சு. அவ்வளவு பெரிய சிலிண்டரை அப்படிக் கடைந்து தர ஆள் கிடைக்கவில்லை. துணி, தக்கை, அட்டை, பழைய தொப்பி என்று எதையெதையோ திணித்துப் பார்த்தார். நீராவி கசிந்துகொண்டே இருந்தது.

வட வேல்ஸில் பெர்ஷம் என்ற ஊரில் இரும்பு ஆலை வைத்திருந்தவர் வில்கின்சன். பீரங்கி வார்ப்பதும் அவர் தொழில். கட்டியாக வார்த்த பீரங்கியைச் சுழலவிட்டு உள்ளே குழல் குடையும் முறைக்கு 1774இல் காப்புரிமை வாங்கியிருந்தார். கொல்வதற்கான குழலில் பழகிய கை என்பது எனக்கு உறுத்தலாகத்தான் இருக்கிறது, ஆனாலும் நடந்தது இதுதான். பெரிய சிலிண்டர்களுக்கு அவர் அடுத்த வருஷம் வேறொரு இயந்திரம் கட்டினார். அதுவரை நீண்ட தண்டின் நுனியில் வெட்டும் டூலைப் பொருத்தி, ஒரு பக்கம் மட்டும் பிடிமானம் கொடுத்துக் கடைவார்கள். தண்டு தன் கனத்திலேயே தொங்கும்; வார்ப்பில் என்ன கோணல் இருந்ததோ அதன் வழியே டூலும் போகும். வில்கின்சன் இந்தத் தண்டை (போரிங் பார்) சிலிண்டரின் இரண்டு வாயையும் தாண்டி நீட்டி, இரண்டு முனையிலும் தாங்கல் கொடுத்தார். லேத் (கடைசல் இயந்திரம்) பட்டறையில் போரிங் போட்டவர்களுக்கு, அதாவது துளை குடைந்தவர்களுக்கு, இதன் அருமை சொல்லாமலே புரியும். 50 அங்குல விட்டமுள்ள சிலிண்டரில் ஒரு பழைய ஷில்லிங் காசின் கனத்துக்குக்கூட எங்கும் பிசகில்லை என்று வாட்டின் புதிய கூட்டாளி மேத்யூ போல்ட்டன் எழுதினார். டிப்டன் பக்கத்துச் சுரங்கத்தில் 1776இல் ஓடத் தொடங்கியது அந்த எஞ்சின்தான். அடுத்த இருபது வருஷம் அவர்களுடைய சிலிண்டர்கள் பெரும்பாலும் வில்கின்சனிடமே கடையப்பட்டன.

ரயிலுக்கும் இதே கதைதான். 1804இல் வேல்ஸின் பெனிடாரனில் ரிச்சர்ட் டிரெவிதிக்கின் எஞ்சின் 10 டன் இரும்பையும் சுமார் 70 ஆட்களையும் ஒன்பது மைலுக்கு மேல் இழுத்துக்காட்டியது. எஞ்சின் ஜெயித்தது, அதன் பாரம் தாங்காமல் வார்ப்பிரும்புத் தண்டவாளம் உடைந்தது. 1820இல் ஜான் பர்க்கின்ஷா எளிதில் உடையாத தேனிரும்பை உருட்டி நீளமான தண்டவாளம் செய்த பிறகுதான் ரயிலுக்கு நல்ல பாதை கிடைத்தது.

லேத் கட்டிய ஹென்றி மாட்ஸ்லே பற்றிப் பேசினால் எனக்கு நிறுத்தத் தெரியாது. 12 வயதில் வூல்விச் ஆயுதச்சாலையில் வேலைக்குச் சேர்ந்தவர். பூட்டுக்குப் பேர்போன ஜோசப் பிராமாவிடம் வாரம் 30 ஷில்லிங் வாங்கிக்கொண்டிருந்தார். கூட்டிக் கேட்டதற்கு மறுத்துவிட்டார்கள். 1797இல் சொந்தப் பட்டறை போட்டார். டூலைச் சீராக நகர்த்தும் லீட் ஸ்க்ரூ, டூலைப் பிடித்துக்கொண்டு நகரும் ஸ்லைட் ரெஸ்ட், மாற்றிப் போடும் பற்சக்கரம் மூன்றையும் இரும்புச் சட்டத்தில் சேர்த்து அவர் கட்டிய லேத்தில் ஒரே அளவு மரை (திருகின் புரி) திரும்பத் திரும்ப வந்தது. போர்ட்ஸ்மவுத்தில் கப்பல் கப்பிகள் செய்ய, மார்க் புருனெலின் வடிவமைப்பில் அவர் கட்டிய இயந்திரங்களை வைத்துப் பத்துப் பேர் 110 பேரின் வேலையை முடித்தார்கள். அவர் பட்டறையில் வேலை பார்த்த ஜோசப் விட்வொர்த்தான் பின்னாளில், 1841இல், மரைகளுக்குப் பொது அளவு வகுக்க வழிகாட்டினார். கோயம்புத்தூர்ப் பட்டறையில் மரை வெட்டும் தம்பி தள்ளுகிற ஸ்லைடு அந்த லேத்தின் வாரிசு.

பையன் ஐடிஐயில் டர்னர் (லேத் வேலை) படிக்கிறான் என்று சொல்லும்போது குரலைத் தாழ்த்திக்கொள்ளும் பெற்றோரைப் பார்த்தால் எனக்கு மனசு கொதிக்கிறது. யோசித்தவருக்குச் சிலை வைக்கட்டும், வேண்டாமென்று சொல்லவில்லை. பாடநூல் எழுதுகிறவர்களிடம் கேட்பது இதுதான்: வாட்டின் படத்துக்குப் பக்கத்தில், இரு முனையும் தாங்கி நிற்கும் அந்த போரிங் பாரையும் வரைந்து வையுங்கள். ஐடிஐ ஆசிரியர்களே, முதல் நாள் லேத்தைத் தொடும் முன்பு பிள்ளைகளுக்கு மாட்ஸ்லேயைப் பற்றிப் பத்து நிமிஷம் பேசுங்கள்.